மழை ஊரா, கண்மாய் ஊரா?

நிலமும் நீரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் செட்டிநாடு. கணவர் மலேசிய வேலையை முடித்துக்கொண்டு திரும்புகிறார். இருவருக்கும் ஐம்பத்தைந்து வயது ஆகப்போகிறது. விவசாயத்தில் இறங்க ஆசை. இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று நீலகிரியில் பந்தலூர் பக்கம் இரண்டு ஏக்கர்: தேயிலை, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகு, சின்ன வீடு. இன்னொன்று தேவகோட்டைப் பக்கம் ஐந்து ஏக்கர்: செம்மண், பழைய கிணறு, பாதி தரிசு. "தண்ணிக்குக் காத்துக்கிடந்தது போதும், மழை பெய்யுற ஊருக்கே போயிருவோம்" என்கிறார் இவர். என் அப்பச்சியோ, "கண்மாய்க்குக் கீழ நிலம் கிடைச்சா வாங்குங்க, மலையெல்லாம் வேணாம்" என்கிறார்கள். எதை வாங்குவது?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: உங்கள் வயதுக்கும் நிலைமைக்கும் தேவகோட்டைப் பக்கம்தான் சரி. அதற்காக நீங்கள் பார்த்த அந்த ஐந்து ஏக்கரையே வாங்குங்கள் என்று சொல்லவில்லை. அதைச் சித்திரை, வைகாசியில் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எப்படிச் சோதிப்பது என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் மழைக் கணக்கு. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 4,047 லிட்டர் தண்ணீர். சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ. மழை. ஆக, ஒரு ஏக்கரில் 36 லட்சம் லிட்டர் விழுகிறது. வறண்ட பூமி என்று பெயர் வாங்கிய மண்ணுக்கு இது குறைவில்லை. சிக்கல் அது வரும் விதத்தில் இருக்கிறது. ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. மீதி, கோடையிலும் ஆடி ஆவணியிலும் மாலை நேர இடிமழையாக, ஒரு ஊரில் பெய்து பக்கத்து ஊரை விட்டுவிடும். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அந்த ஆண்டே போய்விடும். 2016-இல் தமிழகம் முழுக்க அந்த மழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்தையே வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது.

மலைப் பக்கம் நிலைமை வேறு. பந்தலூரை ஒட்டிய தேவாலா வட்டாரத்தில் ஆண்டு மழை 3,000 மி.மீ.யைத் தாண்டும். ஆனால் அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் வந்துவிடும். சனவரி முதல் மார்ச் வரை அங்கும் வெயில்தான். ஓடை மெலியும், இளஞ்செடிக்குக் குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டிவரும். மழை ஊர் என்றால் பன்னிரண்டு மாதமும் ஈரம் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த மூன்று மாதத்தில்தான். பருவத்தில் பெய்யும் மழையின் வேகமும் நமக்குப் பழக்கமில்லாதது. நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. நம் மாவட்டத்துக்கு அது கிட்டத்தட்ட ஓராண்டு மழை.

இனி வேலையைப் பாருங்கள். தேயிலையில் கொழுந்து பறிப்பு மழைக்காலத்தில் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை வரும். ஒரு சுற்றுத் தவறினால் கொழுந்து முற்றி, தொழிற்சாலை தரம் குறைத்துவிடும். பறித்த இலை அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். சாக்கில் அமுக்கி இரவு வைத்தால் சூடேறிச் சிவந்துவிடும். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை செடியை வெட்டிவிடும் கவாத்து. அதன்பின் சில மாதம் வருமானம் இருக்காது. இரண்டு ஏக்கருக்கென்று தனியாக ஆள் கிடைப்பது கடினம். பக்கத்துத் தோட்டத்து வேலை முடிந்தபின்தான் உங்களிடம் வருவார்கள். செட்டிநாட்டில் வீட்டை வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை போய்வந்து செய்யக்கூடிய வேளாண்மை இது இல்லை. அங்கேயே குடியிருந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் தோட்டத்துக்குள் இறங்கக் கூடியவர்களுக்கு மட்டும் அது பலன் தரும்.

பத்திரம் இன்னும் முக்கியம். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் 1969-ஆம் ஆண்டின் ஜன்மம் (ஜமீன் போன்ற பரம்பரை நிலவுரிமை) ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வந்த நிலங்கள் நிறைய. அந்தச் சட்டத்தின் பிரிவைக் கொண்டு "செக்சன் 17 நிலம்" என்று அங்கே சொல்லப்படுபவற்றில் நெடுங்காலமாகப் பிரச்சினை தீரவில்லை. பட்டா இல்லாமல் அனுபவத்தை மட்டும் கைமாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். வீடும் மின் இணைப்பும் இருப்பதே உரிமைக்குச் சான்று என்று தரகர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949-இன் கீழ் அறிவிக்கப்பட்ட நிலமானால், அனுமதி பெறாமல் விற்கவும் முடியாது, மரம் வெட்டவும் முடியாது. உங்கள் மிளகுக்கொடி ஏறியிருக்கும் சில்வர் ஓக்கை வெட்டுவதானாலும் விதிகளைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். யானை வழித்தடம் எது என்பதைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சரிவையும் அளந்து பாருங்கள்: 100 அடி போனால் 30 அடிக்கு மேல் ஏறுகிற நிலம், வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சுவர், மழையில் கலங்கல் நீர் கசிகிற இடம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வீட்டில் இரவு தங்குவதே ஆபத்து.

இப்போது தேவகோட்டை நிலம். பங்குனி கழிந்தபின் போங்கள். மார்கழியில் காட்டினால் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும்.

கிணற்றில் மோட்டாரைத் தொடர்ந்து நான்கு மணி நேரம் ஓடவிடுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடமானால் மணிக்கு 3,000 லிட்டர். முதலில் நான்கு நிமிடத்தில் நிறைந்தது முடிவில் பத்து நிமிடம் எடுத்தால், நீங்கள் இறைத்தது கிணற்றில் தேங்கி நின்ற தண்ணீர். ஊற்று அவ்வளவு இல்லை. நிறுத்திய பிறகு மறுநாள் காலைக்குள் பழைய மட்டத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள். மோட்டார் அரை மணி ஓடியபின் ஒரு லிட்டர் நீரைப் பிளாஸ்டிக் புட்டியில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கிழக்கே கடற்கரையை நெருங்க நெருங்க உப்பு கூடும். காரைக்குடியின் சம்பை ஊற்று இனிக்கிறது என்பதால் சுற்றுவட்டாரமெல்லாம் அப்படி இருக்கும் என்று எண்ண வேண்டாம். மேற்கே திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கம் கடினப் பாறை. காரைக்குடிப் பக்கம் மணற்பாறை அடுக்கு. ஒரே ஆழத்துக்குத் தோண்டினாலும் இரண்டு இடத்திலும் ஒரே அளவு தண்ணீர் கிடைக்காது.

அப்பச்சி சொன்ன கண்மாய்க்கு வருவோம். அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி; ஆனால் கண்மாய்க்குக் கீழே என்றாலே தண்ணீர் என்று ஆகிவிடாது. தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் தைலமரக் காட்டுக்குள் போய் அடைபட்டிருந்தாலோ, நீர் தேங்கும் உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேல் நின்றாலோ அது பேருக்குத்தான் கண்மாய். கண்மாய் நிறைந்து உபரி நீர் வழியும் இடம் கலுங்கு. ஊர்ப் பெரியவர்களிடம், "கலுங்கு கடைசியா எப்பப் பாஞ்சது? பத்து வருசத்துல எத்தனை தடவை?" என்று கேளுங்கள். நான்கைந்து முறையாவது என்றால் நல்ல கண்மாய். உங்கள் நிலம் எந்த மடையில் பாய்கிறது, முதல் மடையா கடைமடையா, தண்ணீரைப் பிரித்துவிடும் நீர்ப்பாய்ச்சி யார், முறை எப்படி என்பதையும் விசாரியுங்கள். கடைமடை நிலத்துக்கு விலை குறைத்துக் கேட்பதில் தவறே இல்லை.

மண்ணை நான்கு மூலையிலும் நடுவிலும் மூன்றடி ஆழம் தோண்டிப் பாருங்கள். ஓரடிக்குக் கீழே சரளையும் செம்புறாங்கல்லும் தட்டினால் தென்னையை மறந்துவிடுங்கள். முந்திரி, நெல்லி, சீதா தாங்கும். மூன்றடியும் செம்மண்ணாக இருந்தால் மா வைக்கலாம். இந்தச் செம்புறைமண் புளிப்புத் தன்மை கொண்டது. போடுகிற மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொண்டு பயிருக்கு விடாது. அதனால் உரத்தை அள்ளி வீசுவதைவிடத் தொழுவுரத்தோடு கலந்து வேர்ப்பகுதியில் இடுவது நல்லது. மண் பரிசோதனைக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் உலர்நில ஆராய்ச்சி நிலையம் செட்டிநாட்டிலேயே இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் போய்க் கேளுங்கள்.

எல்லாம் ஒத்துவந்தால் ஐந்து ஏக்கரையும் ஒரே ஆண்டில் நட்டுவிடாதீர்கள். முதல் ஆண்டு வேலியும் பண்ணைக்குட்டையும் போதும். மேலே 20 மீட்டர் நீள அகலம், 2 மீட்டர் ஆழம், ஒன்றுக்கு ஒன்று சரிவு என்று வெட்டினால் 6.5 லட்சம் லிட்டர் கொள்ளும். பத்து சென்ட் இடம் போகும். ஐந்து ஏக்கரில் விழும் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்து வந்தாலே 36 லட்சம் லிட்டர் சேரும் என்பதால், சுமாரான ஆண்டிலும் குட்டை நிறைந்துவிடும். நிலத்தின் தாழ்ந்த மூலையில் வெட்டுங்கள். நீர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன வண்டல் குழியும், உபரி வெளியேறக் கல் பாவிய வாயும் வேண்டும். உபரிவாய் இல்லாத குட்டையின் கரை முதல் பெருமழையிலேயே உடையும்.

அந்தத் தண்ணீரை வைத்துத் தென்னை வளர்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். கோடையில் சொட்டுநீரிலும் மரத்துக்கு ஒரு நாளைக்கு 65 லிட்டர் வேண்டும். ஏக்கருக்கு 4,550 லிட்டர். பிப்ரவரி முதல் மே வரை 120 நாளுக்கு ஏறக்குறைய 5.5 லட்சம் லிட்டர். மார்கழியில் நிறைந்த குட்டை வைகாசிக்குள் வெயிலுக்கே முக்கால் மீட்டருக்கு மேல் இழந்துவிடும், கசிவு தனி. ஒரு ஏக்கர் தென்னைக்கே அது போதாது. அதே தண்ணீரை மானாவாரி நிலக்கடலைக்குத் தெளிப்பானில் 25 மி.மீ. அளவுக்குக் கொடுத்தால், ஒரு தடவைக்கு ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர்தான். பூத்து விழுது இறங்கும் நேரத்தில் மழை நின்றுபோனால், இப்படி இரண்டு தடவை கொடுக்கும் தண்ணீர் இரண்டு ஏக்கர் கடலையைக் காப்பாற்றிவிடும். குட்டையின் பயன் அதுதான்.

எனவே எங்கள் பங்கீடு: இரண்டு ஏக்கரில் மாவும் முந்திரியும் (மா 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40, முந்திரி 7 மீட்டரில் 80), ஒன்றரை ஏக்கரில் கடலையும் உளுந்தும் மாற்றி மாற்றி, மடைநீர் வந்தால் ஒரு ஏக்கர் நெல், மீதியில் குட்டை, கொட்டகை, தீவனம். தென்னை, கிணறு தாங்கும் அளவுக்கு வரப்போரம் இருபது மரம் போதும். கடலைக்குப் பூத்தபின், 40–45 நாளில், ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணையுங்கள். இதை விட்டால் பொக்குக்காய் மிகும். மயில் தொல்லை உண்டு. விதைத்து முளைவரும் பத்து நாளும் காலை மாலை ஆள் நிற்க வேண்டும்.

பத்திரப்பதிவுக்கு முன் 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேடு) நகல், புலப்படம் (நில அளவை வரைபடம்) நான்கையும் வாங்கி, சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள். செட்டிநாட்டுப் பக்கத்தில் பழைய நிலங்கள் பல பங்காளிகள் பெயரில் நிற்கும். ஒருவர் பர்மாவிலும் ஒருவர் சென்னையிலும் காலமாகியிருப்பார். அத்தனை வாரிசும் கையெழுத்திடாத பத்திரம் வேண்டாம். தரிசு என்று காட்டும் பகுதி அ-பதிவேட்டில் ஊருணியாகவோ நீர்வழிப் புறம்போக்காகவோ இருந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள்.

மலை ஆசை விடவில்லையென்றால், பந்தலூரில் ஒரு வீட்டை ஜூன் முதல் செப்டம்பர் வரை வாடகைக்கு எடுத்து இருவரும் தங்கிப் பாருங்கள். துணி காயாது, சுவரில் பூசணம் படரும், கரண்டு போனால் இரண்டு நாள் வராது. அதன்பிறகும் பிடித்திருந்தால் தாராளமாகப் போங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் காவிரி–வைகை–குண்டாறு கால்வாய் வரப்போகிறது என்று ஏக்கருக்கு விலையை ஏற்றிச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகர், திருமயம்

பதில்: வேண்டாம். 2021-இல் அடிக்கல் நாட்டிய திட்டம் அது. தண்ணீர் உங்கள் வரப்பைத் தொடும் நாளைச் சொல்லி யாரும் எழுதித் தரமாட்டார்கள். இன்றைக்கு இருக்கிற கிணற்றுக்கும் கண்மாய்க்கும் என்ன விலையோ அதைக் கொடுங்கள். நிலம் கால்வாய்க்காகக் கையகப்படுத்தும் புல எண்களில் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

கேள்வி: கூடலூரில் மகள் வீட்டில் மிளகுக்கொடிகள் ஆடி மாதத்தில் திடீரென்று இலை கருகி, கணுக்கணுவாகக் கழன்று விழுகின்றன. உரம் போடவில்லை என்பதாலா?
— வாசகர், கோட்டையூர்

பதில்: உரக்குறை இப்படித் திடீரென்று காட்டாது. இது பைட்டோப்தோரா என்னும் பூசணத்தால் வரும் விரைவு வாடல். தொடர்மழையில் தண்ணீர் தூரில் தேங்குவதுதான் அதற்கு வழிவிடுகிறது. பட்ட கொடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். தூரைச் சுற்றிக் குழி பறித்து வைத்திருந்தால் மூடி, மண்ணை மேடாக அணைத்து, நீர் ஓடக் கால் வெட்டுங்கள். தரையில் படரும் ஓடுகொடிகளை வெட்டுங்கள் அல்லது தூக்கிக் கட்டுங்கள். பூசணம் முதலில் ஏறுவது அவற்றில்தான்.

இப்போது எஞ்சிய கொடிகளுக்கும், இனி ஆண்டுதோறும் பருவமழை தொடங்கியதும், ஆகஸ்ட் இறுதியிலும் 1 விழுக்காடு போர்டோ கலவை தெளிக்க வேண்டும். 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் நீரில் கரையுங்கள். 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை வேறு 50 லிட்டரில் கரைத்து வடிகட்டுங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் திரிந்து இலையில் ஒட்டாது. இரும்பு, தகர வாளி கூடாது. பிளாஸ்டிக் அல்லது மண்பாத்திரம். துருவில்லாத கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இலையைக் கருக்கும், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிடுங்கள். தூருக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, கொடிக்கு 5 முதல் 10 லிட்டர் ஊற்றலாம். நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மா இடுவதானால் அதற்கும் தாமிர மருந்துக்கும் ஒரு மாதமாவது இடைவெளி விடுங்கள்; இல்லையென்றால் மருந்து அதையும் கொன்றுவிடும்.

கேள்வி: பண்ணைக்குட்டை வெட்டினோம். மழையில் நிறைந்த தண்ணீர் பத்தே நாளில் காணாமல் போகிறது. செம்மண், அடியில் சரளை.
— வாசகர், கீழச்சிவல்பட்டி

பதில்: சரளையில் வெட்டிய குட்டை அப்படித்தான் செய்யும். கிணறு பக்கத்தில் இருந்தால் ஒருவகையில் நல்லது. அதைக் கசிவுக்குட்டையாகவே விட்டுவிடலாம், கிணற்றில் ஊறும். தேக்கியே ஆகவேண்டுமென்றால் இரண்டு வழி. வட்டாட்சியரிடம் அனுமதி பெற்றுக் கண்மாய்க் களிவண்டல் அள்ளிவந்து, அடியிலும் பக்கங்களிலும் 15 செ.மீ. கனத்தில் பரப்பி, ஈரப்படுத்தி, மாட்டையோ ரோலரையோ விட்டு மிதித்து, அதன்மேல் இன்னொரு 15 செ.மீ. பரப்புங்கள். ஒரே தடவையில் ஓரடி கொட்டி மேலே மட்டும் தட்டினால் அடியில் இளகி நின்று வெடிக்கும். கோடையில் குட்டை முழுக்கக் காய்ந்தாலும் வெடிப்பு விழும். கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கட்டும். இல்லையேல் 500 மைக்ரான் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். அதற்குமுன் கூரான கல்லைப் பொறுக்கிச் சலித்த மண் பரப்புங்கள். தாளின் ஓரத்தைக் கரைமேல் ஓரடி வாய்க்கால் வெட்டிப் புதைத்துவிடுங்கள். ஆட்டுக்குளம்பு ஒன்று போதும் கிழிய, ஆகவே வேலி கட்டாயம். வழுக்கும் தாள் என்பதால் விழுந்தவர் ஏறிவர முடிச்சிட்ட கயிறு இரண்டு பக்கமும் தொங்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் ஊரில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கண்மாய்ப் பாசன நிலத்தில் புழுதியில் நெல் விதைக்கிறோம். முளைத்த பின் மழை நின்று பயிர் காய்ந்துவிடுகிறது. எப்போது விதைப்பது?
— வாசகி, புதுவயல்

பதில்: நாளைவிட ஆழம் முக்கியம். மேலாக விதைத்தால் 10 மி.மீ. தூறலுக்கே முளைத்துவிடும், அடுத்த மழைக்குப் பதினைந்து நாள் ஆனால் போச்சு. ஆவணிக் கடைசி முதல் புரட்டாசி நடுவுக்குள், 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் விழும்படி விதையுங்கள். அப்போது மண் நன்றாக நனைகிற மழைக்குத்தான் விதை எழும்பும். ஏக்கருக்கு 30 கிலோ விதை. விதைக்கும் முன் 1 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கரைசலில் (30 லிட்டர் நீரில் 300 கிராம்) 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரத்துக்கு உலர்த்துங்கள். இளம்பயிர் வறட்சியைக் கூடுதலாகத் தாங்கும். பரமக்குடியில் உருவான அண்ணா (ஆர்) 4 நெல் ரகம் நம் பக்கத்துக்கு ஏற்றது, 100–105 நாளில் முடியும். நனையும் மழை பெய்த ஐந்து நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, பெண்டிமெத்தலின் 30 விழுக்காடு களைக்கொல்லி மருந்தை ஏக்கருக்கு 1.3 லிட்டர், 200 லிட்டர் நீரில் கலந்து தெளியுங்கள். புழுதி விதைப்பில் நெல்லைத் தோற்கடிப்பது பாதி வறட்சி, பாதி களை. காய்ந்த மண்ணில் தெளித்தால் அந்த மருந்து வேலை செய்யாது.